செவலையைத் திருப்பிய பந்து

மாட்டை மடக்கப் பக்கிரிசாமி எழுந்து போவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கல்லை விடுவார். கல் கொம்பை ஒட்டிப் பறக்கும், மாடு திரும்பிவிடும். "மேல பட்டுச்சுன்னா பால் கொறைஞ்சிரும்லா. பயம் காட்டணும், அடிக்கக் கூடாது." மலேசியாவில், பெண்டாங் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறார். வயது அறுபத்தெட்டு. மனிதர்களுக்கும் மாட்டுப் பெயர்தான் வைப்பார்; இரண்டு லாரி வைத்து ஓட்டும் நானே அவருக்கு 'மயிலை'.

ஜப்பான்காரனுக்குப் பேஸ்பால் எறிந்து சம்பளம் வாங்கியவர் கெடா மாநிலத்திலேயே இவர் ஒருவர்தான் என்று அடித்துச் சொல்வேன். மூன்றே ஆட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், ஜப்பான் ஆட்சியில், எங்கள் ரப்பர் தோட்டத்து மாடுகள் ஜப்பான் கேப்டனின் காரை மறித்து நின்றன. ஐந்து கல்லில் ஐந்து மாட்டையும் ஒதுக்கினார் பக்கிரிசாமி. கேப்டன் இறங்கி வந்தார். அறை விழப்போகிறது என்று நினைத்தோம். பக்கிரிசாமி கையில் ஒரு வெள்ளைப் பந்தை வைத்தார்.

விளக்கிச் சொன்னவன் நான். படித்தது மூன்றாம் வகுப்பு. ஜப்பான் பேச்சை ஆறே வாரத்தில் பிடித்தவன். "அண்ணே, கட்டையோட நிக்கிறவனுக்குச் சிக்காம எறியணும். மூணு தரம் விட்டான்னா அவன் வெளிய."

"இம்புட்டுத்தானா?"

ஆட்டத்துக்கு மூன்று டின் அரிசி. மரவள்ளிக்கிழங்கே சோறாக இருந்த காலம்! இரண்டு ஆட்டம் ஜெயித்தார்.

அப்போதுதான் சயாம் ரயில்பாதைக்கு ஆள் பட்டியல் வந்தது. போனவர் திரும்பாத இடம். பன்னிரண்டு பெயர், நாலாவது அவர், ஏழாவது நான். "சுங்கைப் பட்டாணி முகாமின் அணியை ஜெயித்தால் உன் பெயரை நீயே அடித்துக்கொள்" என்று பக்கிரிசாமியிடம் சொன்னார் கேப்டன்.

அந்த ஆட்டத்தில் கடைசியாகக் கட்டையோடு வந்தவன் மலை மாதிரி ஒரு சார்ஜன்ட். பக்கிரிசாமி கத்தினார்: "டேய் செவலை, திரும்புடா!"

என்ன சொல்கிறான் என்று கேப்டன் கேட்டார். "'வீரரே, தயாரா?' என்கிறான்" என்றேன்.

கல் கொம்பை ஒட்டிப் போகிற மாதிரியே பந்து போயிற்று. மூன்று தரமும் சார்ஜன்ட் காற்றைத்தான் அடித்தான்.

கேப்டன் தொப்பியைத் தூக்கிப் போட்டு ஆடினார். பட்டியலையும் பென்சிலையும் நீட்டினார். கங்காணி தமிழில் எழுதியது. பக்கிரிசாமிக்கு எழுத்துத் தெரியாதே என்று நாலாவது பெயரில் விரலை வைத்தேன். "அண்ணே, இதான்."

"தெரியுது. கைய எடுலா, மயிலை."

பென்சிலை முதல் பெயரின் தலையில் ஊன்றிப் பன்னிரண்டாவது வரை ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தார். பிறகு பட்டியலை இரண்டு கைகளாலும் கேப்டனிடம் நீட்டி, இடுப்பு வளையக் குனிந்து நின்றார்.