நெல்லை மூடிய அவசரத்தில்

சென்ற புரட்டாசி மாதம் ஒரு வியாழக்கிழமை பிற்பகலில், அரை மணி நேரம் நான் பிள்ளையில்லாதவளாக இருந்தேன். அதற்கு முன் ஒன்பது வருடம் அப்படி இருந்தவள்தான். ஆனாலும் அந்த அரை மணி நேரம்தான் எனக்கு நீளம். சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான், ஆண்டவரை நம்பும் உங்களுக்கு இதை எழுதிக் கொடுக்கிறேன்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, காவிரிப் பாசனம். நானும் என் கணவர் தேவராஜும் ஐந்து மா நிலத்தில் நெல் வைக்கிறோம். கல்யாணமாகி ஒன்பது வருடம் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. ஞானஸ்நானம் நடக்கிற ஞாயிறுகளில் ஆலயத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். முன்னால் பச்சைக் குழந்தையோடு நிற்கும் பெண்ணைப் பார்க்கப் பார்க்க என் இரண்டு கைகளும் சும்மா கிடப்பது எனக்கே தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கக்கூடப் பயம். தூக்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே! அப்படி ஏங்கி, தவமிருந்து பெற்றவள் என் மகள் ஷைனி. அன்றைக்கு அவளுக்கு மூன்று வயதுகூட முடியவில்லை.

குறுவை அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோயிருந்தோம். ஈரப்பதம் அதிகம், காயவைத்து எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். எங்கள் பக்கம் தார்ச்சாலைதான் களம். பாதிச் சாலையில் நெல் காயும், மீதிப் பாதியில் பஸ் போகும். வானம் கறுத்துவிட்டால் இது யாருடைய நெல் என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லோரும் ஓடி எல்லோருடையதையும் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவோம். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கால் மணி நேரம் ஊரில் நெல்லுக்கு ஆள் உண்டு, பிள்ளைகளுக்கு ஆள் கிடையாது. இத்தனை வருடத்தில் அது யார் கண்ணிலும் பட்டதில்லை, என் கண்ணிலும்தான்.

அன்று என் கணவர் சாக்கு வாங்கப் போயிருந்தார். மூன்று மணி வாக்கில் இடி இடித்தது. ஷைனியைச் சாலையோரப் புங்கமரத்தடியில் நிறுத்தினேன்.

"இங்கயே நில்லு பாப்பா. அசையக் கூடாது. அம்மா இந்தா வந்துடுறேன்."

சமர்த்தாகத் தலையாட்டினாள். மரத்துக்கு நாலடி பின்னால் வாய்க்கால் கரை தொட்டு ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் போனேன். ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன்.

எங்கள் குவியலை மூடிவிட்டு, அடுத்த வீட்டுச் செல்வி அக்காவின் குவியலுக்கு ஓடினேன். அதற்குள் மழை கொட்டியது. திரும்பி வரும்போது எங்கள் தார்ப்பாயின் ஒரு ஓரம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு மண் மூட்டைகளை இழுத்து அதன்மேல் நன்றாக அழுத்தி வைத்தேன். பிறகுதான் மரத்தடிக்குப் போனேன். பிள்ளை இல்லை.

"ஸ்டெல்லா, புள்ள எங்கடி?" என்று செல்வி அக்கா கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

ஊரே வாய்க்காலில் இறங்கியது. "மதகை அடைங்கப்பா!" என்று யாரோ ஓடினார்கள். ஆண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் காலால் துழாவினார்கள். நானும் குதிக்கப் போனேன், செல்வி அக்கா இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மதகுப் பக்கமிருந்து "ஒண்ணும் அகப்படல" என்று குரல் வரும்போதெல்லாம் உயிர் போய்ப் போய் வந்தது. சாலையிலேயே முழங்காலில் விழுந்தேன். காலையிலிருந்து மழை வரக் கூடாதென்று நெல்லுக்காக ஜெபித்த வாய் அது. அந்த நேரத்தில் நெல்லும் நினைவில்லை, மழையும் நினைவில்லை. "அப்பா, அவ குரலை ஒரு தடவை கேக்க விடுங்கப்பா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு வார்த்தை வரவில்லை.

அப்போது மழை நின்றது. நான் அதை வேண்டிக் கேட்கவேயில்லை, ஆண்டவராகவே நிறுத்தினார். தார்ப்பாய்களின் மேல் அதுவரை அடித்த இரைச்சல் அடங்கியது. எனக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது.

எங்கள் நெல்லுக்குள்ளிருந்து கேட்டது.

இடிக்குப் பயந்து என்னைத் தேடி வந்தவள், காற்றில் தூக்கிய ஓரத்தின் வழியாகத் தார்ப்பாய்க்குள் புகுந்திருக்கிறாள். அந்த வழியைத்தான் நான் மூட்டை வைத்து அடைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தபோது ஈர நெல்லின் புழுக்கத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, நினைவு தப்பும் நிலையில் கிடந்தாள். வாயிலும் மூக்கிலும் நெல். செல்வி அக்கா விரலை விட்டு எடுத்துவிட்டார். தஞ்சாவூர் மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் ஆயிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர். என் கணவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பதறிய காரியம் சிதறும் என்பார்கள். நெல் சிதறினால் கூட்டி அள்ளலாம். ஆண்டவர் இரக்கம் வைத்தார். என் புத்தியையோ சாமர்த்தியத்தையோ பார்த்து அல்ல. எல்லோரும் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தபோது, பிள்ளை எங்கே என்று அறிந்தவர் அவர் ஒருவரே. அவருக்கு ஸ்தோத்திரம்.

இப்போது எங்கள் தெருவில் அறுவடைக் காலத்தில் தினம் ஒரு வீட்டுப் பெண் முறைவைத்து ஆலய மண்டபத்தில் பிள்ளைகளோடு உட்காருகிறாள். இடியே விழுந்தாலும் அவள் நெல்லைத் தொடக் கூடாது. அவள் நெல்லை மற்றவர்கள் மூடுவோம். செல்வி அக்கா கோவிலுக்குப் போகிறவர், அவரும் தன் முறைக்கு மண்டபத்துக்கு வந்துவிடுகிறார். உங்கள் ஊரிலும் செய்யுங்கள். ஜெபிக்கக் கண்ணை மூடும் முன், பிள்ளை எங்கே என்று ஒருமுறை பார்த்துவிட்டு மூடுங்கள். அதையும் மீறி இடி விழுந்தால், முழங்காலில் விழுங்கள். அவர் கேட்கிறார். நான் கண்டவள்.

அது நடந்து ஒரு மாதம் கழித்து ஒருநாள் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஷைனி அவளாகவே சொன்னாள்: "அம்மா காலு தெரிஞ்சுது. கூப்பிட்டேன். அம்மா போயிட்டே."

தட்டை வைத்துவிட்டு அவளை மடியில் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து என் ஜெபம் ஒன்றுதான். அவள் அதை மறந்துவிட வேண்டும், நான் மறக்கக் கூடாது. இதற்காக நீங்களும் எங்களோடு ஜெபித்துக்கொள்ளுங்கள்.