சம்பலில் கலந்த மாத்திரை

சைப்ரஸில், நிக்கோசியாவில் நான் வேலைக்குச் சேர்ந்த வீட்டில், எசமானியம்மா தினமும் காலையில் என்னைப் பார்த்து "ஹாப்பி? ஹாப்பி?" என்று கேட்பார். சந்தோசமாக இருக்கிறேனா என்று விசாரிப்பதாக நினைத்து, இரண்டு வாரம் "யெஸ் மேடம், ஹாப்பி" என்று சிரித்தபடி பதில் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, கிரேக்க மொழியில் ஹாப்பி என்றால் மாத்திரை. மகனுக்கு மாத்திரை கொடுத்தாயா என்றுதான் அந்த அம்மா கேட்டிருக்கிறார். என் சந்தோசத்தைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை.

மகன் அந்திரேயாஸுக்கு நாற்பது வயது. குடியால் வேலையையும் மனைவியையும் இழந்து தாய் வீட்டுக்குத் திரும்பியவர். குடியை நிறுத்துவதற்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் ஒரு மாத்திரையும் தண்ணீரும் அவர் முன்னால் வைப்பது என் வேலை. ஒருநாள் மாத்திரையைத் தள்ளி வைத்துவிட்டு, "நோ. ஐ சேஞ்ச்" என்றார். மனம் மாறிவிட்டது, இனி மருந்து வேண்டாம் என்கிறார் என்றுதான் எனக்கு விளங்கியது. மறுபடி குடித்தால் பழி என் மேல் விழுமே என்ற பயத்தில் சமையலறைக்குப் போய், மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி அவருடைய தயிரில் போட்டேன். கலக்குவதற்குள் எசமானியம்மா பார்த்துவிட்டார். கிண்ணத்தைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தார். சத்தம் கேட்டு வந்த அந்திரேயாஸ்தான் நிதானமாக விளக்கினார். அந்த மருந்தால் நாள் முழுக்கத் தலை சுற்றுகிறது என்று முந்தின நாள் கிளினிக்கில் சொன்னாராம். டாக்டர் வேறு மருந்துகளைப் பற்றி எடுத்துச் சொல்லி, எது வேண்டும் என்று கேட்டாராம். இவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாராம். கடையில் சட்டையின் அளவை மாற்றி வாங்கியவர் போல அதைச் சொன்னார்.

"அவனுக்குத் தெரியாமல் கொடுக்க உன்னை யார் பழக்கியது?" என்று எசமானியம்மா அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். நான் தொட்டியில் கிடந்த கிண்ணத்தை எடுத்துக் கழுவினேன்.

இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் கணவர் சிவனு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். அவர் வெட்டிய மலையைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லலாம், செடிகள் அவ்வளவு மட்டமாக இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் அவரைப் பிடித்துக்கொண்டது. குடித்தால் கை நீளும். மறுநாள் அழுவார். மூன்று நாள், நான்கு நாள் குடிக்காமல் இருந்து பார்ப்பார். பிறகு நடுக்கம் தாங்காமல் மறுபடி குடிக்கப் போய்விடுவார். ஒரு தடவை அவர் இழுத்த இழுப்பில் என் காது தோட்டோடு கிழிந்தது. அதற்கு மருந்து கட்டப் போனபோதுதான், தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த டாக்டர் ஐயா தாளில் மடித்து மாத்திரைகள் தந்தார்.

"நசுக்கிச் சோத்துல போட்டுக் குடு. அதுக்கு மேல குடிச்சான்னா ஒடம்பப் பொரட்டி எடுத்துரும். தானா விட்ருவான்."

"அவருகிட்ட சொல்லிட்டுக் குடுக்கட்டுங்களா?"

"சொன்னா திம்பானா? ஒனக்குப் புருசன் வேணுமா, வேணாமா?"

நல்லதுக்குத்தானே செய்தாய் என்று இதை வாசிக்கும் ஊர்க்காரர்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு ஒன்பது நாள் தேங்காய்ச் சம்பலில் குழைத்துக் கொடுத்தேன். "ஒறைப்பு நல்லாருக்கு" என்று சாப்பிட்டார். என் காதைக் கிழித்த வெட்கத்தில் அந்த ஒன்பது நாளும் எப்படியோ குடிக்காமல் இருந்தவர், பத்தாம் நாள் பக்கத்து லயத்துக் கல்யாணத்தில் குடித்தார். கொஞ்ச நேரத்தில் முகமும் கழுத்தும் ரத்தச் சிவப்பாகிவிட்டன. வாந்தி நிற்கவில்லை. "சரசு, நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கு. விட்றாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கொழுந்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்து இளைஞர். "என்ன மருந்து எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். "ஒன்னுமே எடுக்கலைங்க, சாமி சத்தியமா" என்றார் சிவனு. கட்டிலோரம் நின்ற நான் சொல்ல வேண்டியதாயிற்று. சிவனு என்னைத் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அந்த டாக்டர் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். "உங்களுக்குச் சொல்லாமல் தந்தது பிழை. உங்களுக்கு விருப்பமெண்டால் அதையே தெரிஞ்சுகொண்டு எடுக்கலாம். குடிக்கிற ஆசையைக் குறைக்கிற குளிசை ஒண்டும் இருக்கு, கண்டியிலதான் வாங்கலாம். எது வேணுமெண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

சிவனு என்னைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார். "நான் சொல்லலாங்களா?" என்று கேட்டார். "ஓம், நீங்கள்தான்" என்றார் டாக்டர்.

"அப்ப அந்த ஆசை கொறையிறதக் குடுங்க. நெஞ்சு வெடிக்கிறது வேணாங்க."

அந்த மருந்தோடு அவர் இரண்டு மாதம் குடிக்காமல் இருந்தார். மூன்றாம் மாதம் கண்டிக்குப் போக லீவு கேட்டபோது தோட்டத்து மேனேஜர் தொரை மறுத்துவிட்டார். டிஸ்பென்சரியில் சும்மா கிடைக்கும் மருந்துக்குக் கண்டி எதற்கு என்றார். தினமும் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் போடும் இடத்தில், டாக்டர் ஐயா முன்னால் அந்தப் பழைய மாத்திரையை விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று உத்தரவு.

"மருந்து வேணாம்னு சொல்லலைங்க. இது வேணாங்கிறேன்" என்றார் சிவனு.

"குடிகாரனுக்கு மருந்துலயும் ருசி கேக்குதோ?" என்றார் டாக்டர் ஐயா. களத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவருக்குப் பேர் போடவில்லை. கையில் இருந்த மாத்திரை முடிந்து இரண்டு வாரத்தில் மறுபடி கசிப்பு. திருந்துகிற ஆள் இல்லை என்று தோட்டமே சொன்னது. அவர் கேட்ட மருந்தைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் என் கையால் சாப்பிடவும் இல்லை. மூன்று கல் வைத்துத் தனியாகப் பொங்கிக்கொண்டார். வாய்விட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சில வருசம் அப்படியே ஓட்டிவிட்டு, ஏஜென்சிக்காரர் மூலம் சைப்ரஸுக்கு வந்தேன்.

நான்கு வருசம் கழித்து லீவில் ஊர் போனபோது அந்திரேயாஸின் கதையைச் சிவனுவிடம் சொன்னேன். "இப்ப டவுன்லயே அந்த மருந்து இருக்காம். நீங்க எதச் சொல்றீங்களோ அதுக்கே போவோங்க" என்றேன். அவருடைய கண் மஞ்சளாகவும் வயிறு ஊதியும் இருந்தன.

"ஈரல் போயிருச்சாம். இனி அந்த மருந்துல எதையும் குடுக்க ஏலாதுன்னுட்டாங்க." என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா, சரசு?"

இருட்டும் நேரம் அவரே பாய் விரித்து என்னை உட்காரச் சொன்னார். "சோறு திங்கிறீங்களா, ரொட்டி சுடட்டுமா?" என்றார். அதுவரை அவர் என்னை வாங்க போங்க என்று பேசியதில்லை. மருந்தில்கூட விருப்பம் கேட்கும் அந்த நாட்டில், மிஞ்சியதை நின்றபடி தின்னும் என்னிடம் என்ன வேண்டும் என்று நான்கு வருசமாக ஒருவரும் கேட்டதில்லை. என் சொந்தக் காம்பராவில், விருந்தாளியிடம் கேட்பது போல என் புருசன் கேட்கிறார். "ரொட்டி" என்றேன். அவர் மாவு பிசையத் தொடங்கினார். உதவிக்கு எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாமல், பூட்டுத் திறக்காத என் பெட்டியில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தேன்.