புழுப்பாம்பு நோட்டு

லோத்குண்டாவில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ராணுவ நிலத்தின் மதில். அந்தப் பக்கம் முள்ளும் பாறையும். இந்தப் பக்கம் என் மனைவியின் பூந்தொட்டிகள். முதல் மழை விழுந்ததும் தொட்டிகளுக்கு அடியிலிருந்து புழுப்பாம்புகள் கிளம்பிவிடும். மண்புழு அளவுதான் இருக்கும். கருத்த உடம்பில் எண்ணெய் தடவிய மினுக்கம். குளியலறைச் சல்லடை வழியாக வந்து தரையில் நெளியும்.

நாங்கள் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த முதல் வருடம், கீழ்வீட்டுக்காரர் ஒன்றின் மேல் உப்பைக் கொட்டிக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறையாக இந்தத் தெலுங்கு ஊரிலேயே இருக்கும் தமிழர். தடுக்கப் போனேன்.

"நக்கோ, வேணாம் சார், இது தூங்கறப்ப காதுல பூந்துடும்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றும் வந்தது. படிக்கட்டில் நின்று மொத்தக் கட்டடத்துக்கும் பாடம் எடுத்தேன். இது குருடு, கண் இருக்க வேண்டிய இடத்தில் செதிலுக்கு அடியில் இரண்டு புள்ளிதான் இருக்கிறது, நம்மைக் கடிக்கிற அளவுக்கு வாயே இல்லை, தின்பது எறும்பு முட்டையும் கரையான் முட்டையும், இந்த வகையில் அத்தனையும் பெண், ஆண் இல்லாமலே முட்டையிடும் என்றேன். கடைசியில் சொன்னதை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். கடிக்காது என்று நிரூபிப்பதற்காக அதை உள்ளங்கையில் ஊரவிட்டுக் காட்டினேன். இரண்டாம் வகுப்பில் இருந்த என் மகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் ஒரே வகை இல்லை என்று தெரிந்தது. ஒன்று பழுப்பு நிறம், முழங்கை நீளம், மூக்கு கிளிமூக்கு போல் கீழே வளைந்திருந்தது. இன்னொன்று நூல் மாதிரி ஒல்லி. அலுவலகத்தில் என் வேலை அளந்து எழுதுவது. வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. ஒரு நோட்டில் கட்டம் போட்டேன்: நீளம், நிறம், மூக்கு, வால் நுனி, கண், கண்டெடுத்தவர். மகள் பள்ளி ஸ்கேலின் மேல் பாம்பை நீட்டிப் பிடிப்பாள், நான் உடம்பைச் சுற்றிச் செதில் எண்ணுவேன். முடிந்ததும் அவளே தொட்டியில் விட்டுவிடுவாள். கண் என்ற கட்டத்தில் எப்போதும் 'புள்ளி' என்றுதான் எழுதுவோம்.

இரண்டு மழைக்காலத்தில் மூன்று வகை சேர்ந்தது. எனக்கு ஆசை அடங்கவில்லை. "நாலாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கும் ஏட்டி, வேற மாதிரி ஒண்ணு" என்று தினமும் அவளை உசுப்பிவிட்டேன்.

போன ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா, ஃபோர்த் ஒன்!"

மூடியை விரல் அளவுக்குத் திறந்தேன். கறுப்பு, மினுக்கம், புழுப்பாம்பை விடக் கொஞ்சம் தடிமன். முதுகின் குறுக்கே மெல்லிய வெள்ளை வளையங்கள். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. கட்டுவிரியன் குஞ்சு.

மூடியை அழுத்தி மூடி, மேலே குக்கரைத் தூக்கி வைத்தேன்.

"தொட்டியா? ஏட்டி, கையால தொட்டியா?"

அவள் ஓரடி பின்னால் போனாள். "லேது" என்றாள். இந்த ஊர்ப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து, நாங்கள் தமிழில் கேட்டாலும் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். இல்லை என்கிறாள். நான் நம்பவில்லை. தோளைப் பிடித்து உலுக்கி அதையே மறுபடி கேட்டேன்.

மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "என்னத்துக்குப் பிள்ளையப் போட்டு இப்படிக் கத்துதீங்க?"

சொன்னேன். பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க" என்றாள். கடித்திருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். கட்டுவிரியன் பல் நூலாக இருக்கும். தடம் தெரியாமலும் கடிக்கும், வலிக்காமலும் கடிக்கும். சில மணி நேரம் கழித்து இமை சரியும், அப்புறம் மூச்சு. இதையும் சேர்த்து அல்லவா அன்றைக்குப் படிக்கட்டில் சொல்லியிருக்க வேண்டும்?

கீழ்வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இளவயதுப் பெண். தொட்டாயா என்று அவரும் கேட்டார். மகள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு "லேது" என்றாள். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்கள் கொஞ்சம் வெளியே நில்லுங்கள்" என்று தெலுங்கில் சொன்னார்.

கதவு பாதி திறந்திருந்தது. நான் வெளியே போன அடுத்த நிமிடமே அவள் "பட்டுக்குன்னானு" என்றாள். பிடித்தேன். எந்தக் கையால்? இரண்டு கையாலும். ஒரு கை தலைப் பக்கம், ஒரு கை வால் பக்கம், ஸ்கேலின் மேல் நேராக, அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி. இருபத்தாறு சென்டிமீட்டர்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் உண்மையைச் சொல்லப் பயந்தது பாம்புக்கு இல்லை, எனக்கு. வெட்கமாக இருந்தது. வெட்கப்படவும் அப்போது நேரமில்லை.

மகளை வார்டில் படுக்க வைத்தார்கள். அரை மணிக்கொரு முறை டாக்டர் வந்தார். தலையை அசைக்காமல் மேலே ஃபேனைப் பார் என்பார். பிறகு ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். முதலில் முப்பத்தொன்று வரை எண்ணினாள். அடுத்து முப்பது. மதியம் தாண்டி, இருபத்திரண்டில் நின்றாள். அடுத்த முறை பதினேழு. இமை பாதி இறங்கியிருந்தது. மனைவி என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. டாக்டர் டார்ச்சோடு குனிந்தார். நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

நான் சாமியைக் கூடக் கூப்பிடவில்லை. எண்ணு, எண்ணு என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகள் நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள். "ஆகலி" என்றாள். பசிக்கிறதாம். காலையிலிருந்து யாரும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்கவில்லை. டாக்டர் விழுங்கிப் பார்க்கட்டும் என்று முதலில் தண்ணீர் கொடுத்தார், பிறகு இரண்டு பிஸ்கட். கொஞ்ச நேரம் கழித்து எண்ணச் சொன்னார். முப்பத்து மூன்று.

அப்படியும் மறுநாள் காலை வரை வைத்திருந்துதான் அனுப்பினார்கள். அதற்குள் கீழ்வீட்டுக்காரர் பாம்பு பிடிப்பவரை வரவழைத்து டப்பாவைக் கொடுத்தனுப்பியிருந்தார். என்னைச் சொல்லிக்காட்ட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. "பாப்பா சாப்பிட்டாளா சார்?" என்று மட்டும் கேட்டார்.

நோட்டைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். கடைசி வரியை அவள் ஏற்கெனவே நிரப்பியிருந்தாள். நீளம் இருபத்தாறு. நிறம் கறுப்பு, வெள்ளைக் கோடு. கண் என்ற கட்டத்தில், வரிசையாக இறங்கி வந்த புள்ளிகளுக்குக் கீழே, ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: இருக்கிறது, என்னைப் பார்க்கிறது.

அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். கண் இருந்தால் கையை எடுத்துவிடு என்று நான்தான் சொல்லித்தரவில்லை.

கண்டெடுத்தவர் கட்டத்தில், தனக்கு எழுத மறந்துபோகாத நாலைந்து தமிழ் வார்த்தைகளில் ஒன்றைக் கோணல்மாணலாக எழுதியிருந்தாள். அப்பா.

ஏன் உன் பெயரை எழுதவில்லை என்று கேட்டேன், எனக்கே கேட்காத குரலில். அவள் அன்று தமிழில் பதில் சொன்னாள்.

"நீங்கதான அப்பா தேடிட்டு இருந்தீங்க."