அவருக்குத் தொழாத தொழுகை

வெள்ளிக்கிழமை வந்தாலே அந்த நாட்களில் எனக்குப் பயம். தூத்துக்குடியில் எங்கள் வீடு பள்ளிவாசல் மதிலை ஒட்டியே இருந்தது. இமாம் தும்மினால்கூட அடுப்படியில் கேட்கும். யுத்தக் காலம். என் வீட்டுக்காரர் தோணி ஓட்டும் தண்டல். ஆட்களைக் கூட்டிக்கொண்டு, வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்குப் போனவர். இரண்டு பெருநாளும் வந்து போயின, ஆளைக் காணோம். மன்னார்ப் பக்கம் ஒடிந்த பாய்மரம் மிதந்ததாக வேறு தோணிக்காரர்கள் வந்து சொன்னார்கள். பாய்மரத்தில் பெயரா எழுதியிருக்கிறது? கடலில் எத்தனையோ தோணி.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் வந்து வாசலில் நின்றார். நான் கதவுக்குப் பின்னால், நிறைமாத வயிற்றோடு.

"மவளே, தோணியில போனவங்களுக்கு இன்னிக்கு ஜும்ஆ முடிஞ்சதும் காயிப் ஜனாஸா தொழலாம்னு ஜமாஅத்துல பேசியிருக்காவ. மத்த வீட்டுலயெல்லாம் சரின்னுட்டாவ. உன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாவ."

மையித்து, அதாவது இறந்தவர் உடல், முன்னால் இல்லாமலே தூரத்தில் இறந்தவருக்காகத் தொழுவது அது. தொழுதுவிட்டால் அவர் மவுத்தானவர். நான் வெள்ளை உடுத்தி, வெளியே வராமல், விதவைக்கான இத்தா இருக்க வேண்டியவள். பயந்தால் எனக்கு வாய் நீளும்.

"மையித்தைக் கொண்டாங்க மாமா, நானே தொழச் சொல்லுதேன். அதுவரைக்கும் அவங்க பேரை எவனாவது எடுத்தான்னா, நான் பொம்பளைன்னு பாக்க மாட்டேன், பள்ளிக்குள்ள வந்து நிப்பேன்!"

"அல்லாவே, என்ன பேச்சு இது!" என்று மாமியார் என் வாயைப் பொத்தினார். மகனைப் பெற்றவர்தான், அவரும் 'சரி' என்று சொல்லவில்லை. மோதினார் பள்ளிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஜும்ஆ முடிந்தது. மதிலில் காதை வைத்து நின்றேன். இமாம் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். என் வீட்டுக்காரர் பெயர் வரவில்லை. தக்பீர் கட்டித் தொழுதார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மற்ற வீட்டுப் பெண்கள் அழுதது தெருவெங்கும் கேட்டது. எனக்கு அழக்கூடத் தைரியமில்லை, அழுதால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

அவர் வரவேயில்லை. பிறகு யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. என் வாய்க்குப் பயந்துவிட்டார்கள். மகன் பிறந்தான், வளர்ந்தான், அவனுக்கும் தலை நரைத்தது. வெள்ளிக்கிழமைதோறும், காயிப் ஜனாஸாவுக்கு இமாம் அவர் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று அந்த மதிலருகே போய் நின்றுவிடுவேன். அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை மகனைக் கூப்பிட்டு, "போதும்லே. வாப்பாவுக்குத் தொழணும்னு இமாம்கிட்ட சொல்லு" என்றேன். சரி என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனான். நான் மதிலில் காதை வைத்தேன். எந்தப் பெயரும் வரவில்லை. தொழுகை முடிந்து வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"சொல்லத்தான் போனேன் உம்மா. வாப்பா பேரை எடுக்கப் பயமா இருந்துச்சு. சொல்லலை."