நகக்கண்ணில் இல்லாத நீலம்

அந்தப் பங்குத் தரகு அலுவலகத்தில் அவளுக்குக் ‘காரணக்கா’ என்று பெயர். பங்கு விலை ஏறும், இறங்கும் என்று அடித்துவிட ஆயிரம் பேர் உண்டு. ஏன் என்று கேட்டால் மேலே பார்ப்பார்கள். அவளுடைய கம்ப்யூட்டரில் இருந்த செயற்கை நுண்ணறிவு அப்படியல்ல. விலையைக் கணிக்கும், கூடவே எதை வைத்துக் கணித்தது என்று கோடு போட்டும் காட்டும். பெரிய காரணத்துக்கு நீளக் கோடு. அதைப் பார்த்து, போனில் கேட்பவர்களுக்குப் புட்டுப் புட்டு வைப்பது அவள் வேலை.

அன்று காலை, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஒரு துணி ஆலையின் பங்கைப் பற்றிக் கேட்டார். அவள் கணவன் வேலை பார்க்கும் ஆலை.

“இறங்கும்னு காட்டுதுங்க ஐயா.”

“ஏம்மா?”

நீளமான கோட்டைப் படித்தாள். “சாயப் பிரிவுக்கு... மூணு வாரமா தண்ணியே போகலையாம்.”

“அப்ப அங்க வேலையே நடக்கலைன்னு சொல்லு.”

“ஆமாங்க” என்றாள்.

அவள் கணவன் சாயப் பிரிவில்தான் இருந்தான். அன்று காலையும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினான். பதினாறு வருடமாக நகக்கண்ணை விட்டுப் போகாத நீலத்தைக் கொஞ்ச நாளாகக் காணோம். “என்ன, புது மாப்பிள்ளை கை மாதிரி இருக்கு?” என்று கேலிகூடச் செய்தாள். சோப்பு மாற்றினேன் என்றான். இவளும் நம்பித் தொலைத்தாள்.

முதலில் கோபம்தான் வந்தது. என்னிடமா மறைப்பது? பிறகு, மூன்று வாரமாக அந்த டப்பாவை எங்கே உட்கார்ந்து திறந்திருப்பான் என்று நினைத்தாள்.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கே வந்தான். “இன்னிக்கு இடுப்பு ஒடியற வேலை” என்றான்.

“நாளைக்கு டப்பா கட்டல. வீட்டுலயே ஃபேனுக்குக் கீழ உக்காந்து சாப்பிடுங்க.”

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். தலையைத் தூக்கவில்லை.

“ஏன் சொல்லலைன்னு கேக்க மாட்டியா?”

கேள்வி அவள் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“ஆபீஸ்லயே ஏன் ஏன்னு கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. போங்க, கையக் கழுவிட்டு வாங்க.”

“கைதான் சுத்தமா இருக்கே” என்றான். அதற்குமேல் அவனால் முடியவில்லை, அழுதுவிட்டான்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.