ஆகாத மாத்திரை

எனக்கு அம்மை போட்டிருப்பதை முதலில் கண்டுபிடித்தது அத்தைதான். காதுவலிக்காகப் பரமக்குடியில் வாங்கிய மாத்திரையை அம்மா கரண்டியில் நுணுக்கி, சீனி போட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். என் முதுகெல்லாம் சிவந்து தடித்திருப்பதைப் பார்த்த அத்தை கரண்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"ஆத்தா வந்திருக்கா. இனி மருந்து மாத்திரை ஆகாது."

எங்கள் ஊரில் இதற்கு மேல் பேச்சு கிடையாது. வாசலில் வேப்பிலை ஏறியது, அடுப்பில் தாளிப்பு நின்றது. தம்பி கைப்பிள்ளை என்பதால் அம்மா என் பக்கம் வரக்கூடாது என்றார்கள். விதைநெல் வைக்கும் அறையில் எனக்குப் பாய் விரித்தார்கள்.

கஞ்சி கொண்டுவரும் என் அப்பா, அய்யா, நிலைப்படியோடு நின்றுவிடுவார். அதுவரை "ஏய் கழுத" என்று கூப்பிட்டவர், இப்போது என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "கோவிச்சுக்கிறாம எறங்கிரு தாயி" என்றார். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் சாமியாக இருப்பது எவ்வளவு தனிமையான வேலை என்று தெரிந்தது. திட்டக்கூட ஆளில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா தம்பியைக் கொஞ்சுவது கேட்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வரும்.

தடிப்பு அடங்கியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி வெளியே விட்டார்கள். காதுவலி மட்டும் போகவில்லை. மிச்ச மாத்திரை கிடக்கிறதே என்று அம்மா மறுபடி நுணுக்கி ஊட்டினாள். அவள் மடியில் உட்கார்ந்து குடித்ததால் கசப்புகூடத் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் உடம்பு முழுக்கத் தடித்து, உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டது.

"எறங்குன ஆத்தா திரும்பி வந்திருக்கான்னா, பிள்ளை என்னமோ குத்தம் பண்ணியிருக்கு" என்றாள் அத்தை.

யோசித்துப் பார்த்தேன். படைப்பதற்கு முன்னால் பொங்கலில் விரலை விட்டு நக்கியது ஞாபகம் வந்தது. ஒரு விரல் பொங்கலுக்கு இவ்வளவா என்று ஆத்தாளிடம் மனதுக்குள் சண்டை போட்டேன். பயமாகவும் இருந்தது.

எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் அம்மா யாரையும் கேட்கவில்லை. "அம்மை கண்ட பிள்ளைய ஆசுபத்திரிக்குத் தூக்குறியே, வெளங்குமா?" என்று அத்தை கத்தக் கத்த, தம்பியை அவள் கையில் திணித்துவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ராமநாதபுரத்தில் ஊசி போட்டு மூச்சு சீரானதும் டாக்டரம்மா எல்லாவற்றையும் விசாரித்தார்.

"நடுவுல மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?"

"அம்மைக்கு மருந்து குடுக்கக்கூடாதுல்ல."

"இது அம்மையே இல்லம்மா. இந்த மாத்திரை பிள்ளைக்கு ஒத்துக்கல. நிறுத்துனதாலதான் அடங்குச்சு, திரும்பக் குடுக்கவும் வந்துருச்சு. இனி எந்த டாக்டர்கிட்ட போனாலும் இது ஆகாதுன்னு பேரைச் சொல்லிருங்க."

 அம்மா தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆத்தாளுக்கு என்மேல் கோபமில்லை. "மாத்திரைதாம்மா, ஆத்தா இல்ல!" என்று முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகு எனக்கு எந்த மருந்தையும் அய்யாதான் கொடுத்தார். அம்மா கரண்டியைத் தொடவே இல்லை. என் தலையிலிருந்து இறங்கிய குற்றம் அவள் தலையில் ஏறியிருப்பது எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு, இந்தத் தடவை என்ன தப்புச் செய்தேன் என்று தேட ஆரம்பித்தேன்.