ஜெசிந்தாவின் வெள்ளைப் புட்டி

பெரியாற்றங்கரையில் ஜெசிந்தாவைத் தெரியாதவர்கள் குறைவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஜீப் எங்கே நின்றாலும், கண்ணாடிப் புட்டிகள் அடுக்கிய பெட்டியோடு முதலில் குதிப்பவள் அவள்தான். ஆற்று நீரைக் குமிழி புகாமல் புட்டியில் பிடித்து, கரையிலேயே இரண்டு மருந்துகளை விட்டு மூடுவாள். மீன் மூச்சுவிடக் காற்று அந்த நீரில் இருந்தால் பழுப்பாகப் படியும். இல்லையென்றால் வெள்ளையாகத் திரளும். வெள்ளை கண்ட நாளில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. கணவன் ஆண்ட்ரூஸ் பாவம், சத்தம் காட்டாமல் தானே குழம்பைச் சூடாக்கிக்கொள்வான்.

அதே ஆற்றில் கூண்டு போட்டுக் கரிமீன் வளர்ப்பவன் அவளுடைய அண்ணன் பைலி. வாரியம் என்றாலே அவனுக்கு இளக்காரம்.

"புட்டி புட்டியா எடுத்துட்டுப் போறீங்களே, ஆத்துக்கு எப்படி இருக்கு? பொழைக்குமா?"

"உன் வாய் மூடினா பாதி பொழைச்சிரும் சேட்டா."

கிறிஸ்துமஸ் விற்பனைக்கு மீன் தயாராகியிருந்த சமயம். விடியற்காலையில் பைலி அவளுடைய கைபேசிக்கு அடித்தான்.

"மோளே, எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு மெதக்குதுடீ! ஓடி வா!"

ஓடினாள். கடலை நோக்கி நீர் வடிந்துகொண்டிருந்தது. புட்டியில் பிடித்து மருந்து விட்டாள். சுத்த வெள்ளை. மேலே ஏதோ ஒரு கம்பெனி கழிவைத் திறந்துவிட்டிருக்கிறது. இந்த வெள்ளை இருந்தால் வாரியம் அந்தக் கம்பெனியைத் தேடிப் பிடிக்கும், பைலிக்கு நஷ்டஈடு கிடைக்கும். இல்லாவிட்டால், கூண்டில் நெருக்கிப் போட்டதால் செத்தது என்று கைகழுவிவிடுவார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொந்தக்காரன் விஷயத்தில் அவள் எடுத்த நீர் செல்லாது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் ஊதித் தள்ளிவிடுவான்.

பதறிப்போய், கூட வேலை செய்யும் சுகுணனைக் கூப்பிட்டாள். அவன் பாலத்து நெரிசலைக் கடந்து வந்து சேர்வதற்குள் ஓதம் திரும்பிவிட்டது. கடல் நீர் ஏறி வந்து அழுக்கை ஆற்றின் மேல்பக்கமாகத் தள்ளிவிட்டிருந்தது. சுகுணனின் புட்டியில் பழுப்புதான் படிந்தது.

"அட, நீ எடுத்ததுதான் வெள்ளையாச்சே! அதுல இவரு கையெழுத்தப் போட்டா தீந்துச்சு. எவன் கேக்கப் போறான்?" என்றான் பைலி.

சுகுணன் ஆற்றைப் பார்த்தான். ஒன்றில் பொய் சொன்னால், இதுவரை இந்த ஆற்றில் எடுத்த அத்தனை வெள்ளையும் பொய்யாகிவிடும்.

"முடியாது சேட்டா." புட்டியைக் கழிவுக் கேனில் கவிழ்த்தாள்.

"நீ எனக்குத் தங்கச்சியா, இந்தப் புட்டிக்குத் தங்கச்சியா?"

கிறிஸ்துமஸ் பூசையில் பைலி தள்ளிப்போய் உட்கார்ந்தான். அவளுடைய வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. மறுத்ததற்காக அவள் வருந்தவில்லை. போன் வந்தவுடனே சுகுணனைக் கூப்பிட்டிருக்கலாமே என்பதுதான் அவளை அரித்தது. "பாசத்துல ஓடி, அவன் வயித்துல நானே அடிச்சுட்டேனே" என்று ஆண்ட்ரூஸிடம் புலம்பித் தீர்த்தாள்.

மழைக்காலம் போனது. ஒரு காலை அலுவலகத் தொலைபேசி அடித்தது. எடுத்தாள்.

"மேடம், என் பேரு பைலி. கரிமீன் கூண்டு வச்சிருக்கேன். மீன் மேல வந்து வாயைப் பொளக்குது. தண்ணி இன்னும் எறக்கத்துலதான் இருக்கு. ஓதம் ஏறுறதுக்குள்ள ஆள் அனுப்புங்க." பிறகு சேர்த்துச் சொன்னான். "உங்களைத் தவிர வேற யாராவது."

சேட்டா என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"பதிவு பண்ணிட்டேங்க. இப்பவே அனுப்பறேன்."

சுகுணனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஜீப்பில் ஏற்றினாள். அதன்பிறகு அவளால் உட்காரவே முடியவில்லை. கடைசியில் அவன் கூப்பிட்டான்.

"வெள்ளை, சேச்சி. மேல எந்தக் குழாய்ல இருந்து வருதுன்னும் பாத்துட்டோம். வசமா மாட்டினான்." பின்னால் ஒரு ஆண்பிள்ளை விம்முவது கேட்டது. "மீன் போச்சேன்னு அழறாரு. உங்களத்தான் தேடறாரு. வரீங்களா?"

"வர மாட்டேன். கேஸ் முடியற வரைக்கும் அந்தப் பக்கமே வர மாட்டேன்னு அவன்கிட்ட சொல்லு" என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்துவிட்டு, அலுவலகமே எழுந்து நின்று பார்க்க, வாய்விட்டு அழுதாள்.